கடலைப் பார்த்து நின்ற பரிசோதகர்

ஐம்பத்திரண்டு வயதில் நீந்தப் பழகப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். முழங்கால் வலிக்கு மருந்தைவிடத் தண்ணீரில் கை கால் அசைப்பது நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் பிறந்து வளர்ந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனையில். துறைமுகத்துக் கப்பல்களின் சத்தம் கேட்டபடிதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனாலும் கணுக்காலுக்கு மேலே கடல் தண்ணீர் பட்டதில்லை. கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் அதே கதைதான்.

எங்கள் அடுக்குமாடி, கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மொட்டைமாடியில் எல்லா வீட்டாருக்கும் பொதுவாக ஒரு நீச்சல் தடாகம். சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு நேரம் உண்டு. அதைச் சண்டை பிடித்து வாங்கித் தந்தவள் என் எதிர்வீட்டுக்காரி. கணவரோடு சேர்ந்து காலி வீதியில் துணிக்கடை நடத்துகிற முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். சின்ன வயதிலேயே அவளுடைய வாப்பா அவளை நீந்தப் பழக்கிவிட்டிருந்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய நீச்சலுடையில் அவள் ஒரு கரையில் மூழ்கி மறு கரையில் எழும்புவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"அக்கா, தண்ணியோட சண்ட புடிக்காதீங்க. சும்மா படுங்க, அது உங்களத் தூக்கும்," என்பாள். அது என்னை ஒருநாளும் தூக்கவில்லை.

சில வாரங்களில் எங்கள் கண்கள் சிவக்கத் தொடங்கின. தோலும் கடித்து அரித்தது. நாங்கள் போகிற வைத்தியர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் அந்த பில்டிங்கோ? உங்கட பில்டிங்கில இருந்து பிள்ளையளும் வந்தவை. சுகாதாரப் பகுதிக்கு அறிவியுங்கோ," என்றார்.

நான் முதலில் அடுக்குமாடிச் சங்கத் தலைவரிடம் போனேன். அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். நல்ல மனிதர். ஆனால் கட்டடத்தில் ஒரு குறை இருக்கிறதென்று யாராவது சொன்னால் தன்னுடைய பிள்ளையைக் குறை சொன்னதுபோல எடுத்துக்கொள்வார். அந்த நாட்களில் அவர் லிஃப்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார். கனடாவிலிருந்து மகன் அனுப்பியதாக்கும் என்று நினைத்தேன்.

"குளோரின் மூக்கைத் துளைக்குது, பிள்ளை. அவ்வளவு மணக்குதெண்டா தண்ணி சுத்தம் எண்டுதானே அர்த்தம்?" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து மாநகரசபைச் சுகாதாரப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எப்போது ஆட்கள் குளிப்பார்கள் என்று கேட்டார்கள். சனிக்கிழமை காலை என்றேன். அது பெண்களின் நேரம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது லிஃப்ட் கதவு திறந்தது. கையில் சின்னப் பெட்டியோடு ஓர் இளைஞர் வெளியே வந்தார்.

"அல்லாஹ்! ஆம்புள!" என்று கத்தினாள் எதிர்வீட்டுக்காரி.

ஆறு தலைகளும் ஒரேயடியாகத் தண்ணீருக்குள் போயின. மூச்சு முட்டி முதலில் எழும்பியவள் நான்தான். பார்த்தால், அந்த இளைஞர் மாடியின் மறு மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். நான் பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர். பொம்பளைங்க நேரம்னு யாரும் சொல்லலைங்க," என்றார். பேச்சில் ஹட்டன் பக்கத்து மலையகத் தமிழ் கேட்டது.

"தம்பி, நான்தான் ஃபோன் பண்ணினனான். சொல்ல மறந்துபோனன்," என்றேன்.

"பரவால்லைங்க. ஆளுங்க குளிக்கிற நேரத்துல பாக்குறதுதான் சரியான பரிசோதனை. நான் திரும்பலை. நான் சொல்லச் சொல்ல நீங்களே செஞ்சிருங்க."

பெட்டியைக் கீழே வைத்துக் குதிகாலால் எங்கள் பக்கம் தள்ளினார். நான் துவாயைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்து வந்தேன். உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாய்களும் குளிசைகளும் நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டையும் இருந்தன.

"மேல்தண்ணி வேணாங்க. முழங்கை ஆழத்துல மொண்டு எடுங்க. முதல் மாத்திரையைப் போட்டுக் கலக்குங்க. தண்ணில வேலை செய்யக்கூடிய குளோரின் இருந்தா ரோஸ் நிறம் வரும். வருதுங்களா?"

நான் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். மற்ற ஐந்து தலைகளும் அதைச் சுற்றி நெருங்கின. வெறும் தண்ணீராகத்தான் எனக்குத் தெரிந்தது. இன்னொருத்தி மெல்லிய ஊதா என்றாள். வாக்குவாதம் தொடங்கியது.

"துணி யாவாரி நான் சொல்றன்," என்று குழாயை வாங்கினாள் எதிர்வீட்டுக்காரி. "ரோஸ் இரிக்கி. ஆனா பத்துத் தரம் தோச்ச ரோஸ்."

கடலைப் பார்த்து நின்றவரின் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அடுத்த மாத்திரையையும் அதுலயே போடுங்க. செலவாகிப்போன குளோரினையும் சேத்துக் காட்டும். இப்ப எப்படி?"

"யா அல்லாஹ், கடும் ரோஸ்! கலியாணச் சாரி!"

சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாரும் வெளிய வந்து உடுப்ப மாத்திக்கங்க," என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "இந்தத் தண்ணில இனி யாரும் இறங்க வேணாம்."

நாங்கள் உடை மாற்றிக்கொண்டு வந்தபோது, செய்தி கேட்டுத் தலைவரும் மேலே வந்துவிட்டார். அதே கறுப்புக் கண்ணாடி.

"குளோரின் மணக்குதே, தம்பி. பிறகென்ன குறை?"

"மணக்குறதுதாங்க குறை. நல்ல குளோரின் அவ்வளவா மணக்காது அங்கிள். ஆளுங்க உடம்புல இருந்து வர்ற வேர்வை, தலை எண்ணெய், அப்புறம்…" கொஞ்சம் தயங்கினார். "தண்ணிக்குள்ளயே ஒண்ணுக்குப் போறது. இதெல்லாத்தோடயும் சேந்து செலவாகிப்போன குளோரின்தான் இப்படி மணக்கும். கண்ண எரிக்குறதும் அதுதான். கிருமியக் கொல்ல மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான்."

"எங்கட பில்டிங்கில அப்பிடிச் செய்யிற ஆக்கள் இல்லை!"

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அங்கிள், கோவிச்சுக்காம அந்தக் கண்ணாடிய ஒரு தடவை கழட்டுங்க," என்றார் பரிசோதகர்.

தலைவர் கழற்றினார். இரண்டு கண்களும் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தன. தினமும் காலையில் கடற்கரை வீதியில் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வந்து நேரே தடாகத்தில் குதிப்பவர் அவர்.

"அப்ப இது கடற்காத்துக்கு வந்தது இல்லையோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

தடாகத்தை மூடும்படி பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார். பாதிக்கு மேல் தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விட வேண்டும், வடிகட்டியைத் திருத்த வேண்டும், காலையும் மாலையும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், இறங்குமுன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். கடைசிதான் கஷ்டமாக இருந்தது. தடாகத்தோரக் குளியலறைக்குள் வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளும் நத்தாருக்குச் சோடிக்கிற கிறிஸ்மஸ் மரமும் உடைந்த கதிரைகளும் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டாரும் சேர்ந்து அதை ஒழித்துத் துப்புரவாக்கினோம். எதிர்வீட்டுக்காரி எல்லோருக்கும் தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பம் கொண்டுவந்தாள். இத்தனை வருடமாக லிஃப்டுக்குள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்ட சிலரோடு அன்றுதான் உட்கார்ந்து கதைத்தேன்.

தலைவர் தலைகீழாக மாறிவிட்டார். ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய தண்ணீரும் சரியென்று வந்து தடாகம் திறந்த நாளில், அவர் குட்டைக் களிசானோடு குளியலறை வாசலில் காவல் நின்றார். முதல் ஆளாகத் தானே உள்ளே போய், எல்லோரும் பார்க்கத் தலையில் நுரை பொங்கப் பொங்கக் குளித்தார். பிறகு ஒரு பிள்ளையையும் விடவில்லை.

"எண்ணெய்த் தலையோட எங்க போறீர்? திரும்பும், திரும்பும்!"

பரிசோதகர் அன்று முறையாகச் சொல்லிவிட்டு, ஆண்கள் நேரத்தில்தான் வந்தார். நான் படிவாசலில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தம்பிக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"எங்க ஊர் ஆறு ஐஸ் மாதிரிங்க மேடம். இறங்குனா அடுத்த நிமிஷம் கரையில இருப்போம்," என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை தடாகத்தின் பக்கத்தில் போனபோதே மூக்கில் எதுவும் ஏறவில்லை. கடற்காற்றின் உப்பு மணம்தான் வந்தது. தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் கண்ணைத் திறந்தேன். எரியவில்லை. அடியில் பதித்த நீல ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எதிர்வீட்டுக்காரியின் கை என் வயிற்றுக்குக் கீழே இருக்கிறது என்ற நம்பிக்கையில் கால்களை உதறிக்கொண்டு போனேன். எதிர்ச் சுவரில் கை பட்டபோது திரும்பிப் பார்த்தேன். அவள் தொடங்கிய இடத்திலேயே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் எப்பவோ விட்டுட்டன் அக்கா!"

மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இன்னொருக்கா வாறீங்களா?" என்றாள் அவள்.

"பொறும், வாறன்," என்று சொல்லி, சுவரைக் காலால் உதைத்தேன்.