மிஸ்வாக் தட்டில் விழுந்த வளையம்

அஜீசுன்னிசா அக்காவைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் நிறுத்தினால் நான் நல்லவள் போலத் தெரிவேன். அந்தச் சௌகரியத்தை இவ்வளவு நாள் அனுபவித்துவிட்டேன்.

அக்காவின் வீடு தண்டையார்பேட்டையில். கணவர் மஜீது பாய் பள்ளிவாசல் எதிரில் அத்தர், தொப்பி, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி எல்லாம் விற்றவர். முதுகெலும்பு விலகிய பிறகு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கடை. எங்கள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் அக்கா வாங்கிய சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கண்ணாடித் தட்டு கழுவுவதுதான் பதவி. ஆனால் கிருமி வளர்க்கும் தட்டை மூடி திறக்காமலே பார்த்து, "இது கெட்டுப்பூடுச்சு டாக்டரம்மா, தூக்கிப் போடு" என்பார். சொன்னது தப்பாது. எங்கள் பேராசிரியருக்கே அந்தக் கண் கிடையாது.

மிஸ்வாக் சாறு வாயில் உள்ள கிருமிகளைக் கொல்லுமா என்பது என் மேற்படிப்பு ஆய்வு. மஜீது பாய்தான் குச்சிகளைப் பொறுக்கிக் கொடுத்தார். பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்த சாற்றைப் பொட்டு அளவு காகித டிஸ்க்கில் விட வேண்டும். டிஸ்க் நன்றாகக் காய்ந்த பிறகே கிருமித் தட்டில் வைக்கலாம். ஈரமாக வைத்தால் ஆல்கஹாலே கிருமியைக் கொல்லும்; பெயர் மட்டும் மிஸ்வாக்குக்குப் போகும்.

ரம்ஜான் மாதத்தில் ஒரு சாயங்காலம், ராயபுரத்தில் என் தோழிக்கு நிச்சயதார்த்தம். டிஸ்க் வைப்பது என் வேலை. "அக்கா, நீங்களே வெச்சிடுங்களேன்" என்று கெஞ்சிவிட்டு நான் பட்டுப்புடவை கட்டப் போனேன். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் நோன்பு திறக்க வீடு போய்ச் சேர வேண்டாமா? டிஸ்க் காய்வதற்குள் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார்.

மறுநாள் பார்த்தால், மூன்று தட்டிலும் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி, கிருமியே இல்லாத பெரிய வளையம். ஒப்பிடுவதற்காக வைத்த வெறும் ஆல்கஹால் டிஸ்க், நான் முன்கூட்டியே நனைத்து வைத்திருந்ததால், தட்டில் வைக்கும்போதே காய்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. பேராசிரியர் என் கையைக் குலுக்கினார். கதிர்வீச்சுச் சிகிச்சையில் வாய் புண்ணான நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொப்பளிக்கக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பம் தயாரானது. முதல் ஆளாகச் சம்மதித்தவர் எண்ணூர் மீனவர் பரசுராமன்.

அவர் வந்து போன அன்று மதியம் அக்கா என்னை ஓரமாக அழைத்தார்.

"அந்த வட்டம் பொய்மா. காயறதுக்குள்ள வெச்சிட்டேன். நோன்பும் வெச்சிகினு இத்தயும் மறைச்சிகினு இருக்க என்னால ஆவாது."

"யாருக்கும் தெரியாதுக்கா. சொன்னா உங்க வேலை போயிடும்" என்றேன். என் ஆறு மாத உழைப்பும் போகும் என்பதைச் சொல்லவில்லை.

"போவட்டும். அந்த ஆளு வாயப் பாத்தியா? கஞ்சிகூட எறங்கல. நம்ம குச்சிய நம்பி மருந்த வுட்டுட்டான்னா இன்னா ஆவறது?"

நேரே பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். டிஸ்க்கைக் காயவைத்து மறுபடி செய்தோம். வளையம் நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. மிஸ்வாக்குக்குக் கொஞ்சம் சக்தி உண்டு. புண் வாய்க்கு மருந்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை. பரசுராமனுக்குப் பழைய மருந்தே தொடர்ந்தது.

நிர்வாகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அக்கா எழுதிக் கொடுத்த கடிதத்தால்தான் பிறகு அவர் வேலை போயிற்று. 'டிஸ்க்கை ஈரமாக வைத்தது நான். தவறு என்னுடையது' என்று கோணல் எழுத்தில் இரண்டே வரி. யார் வைக்கச் சொன்னது என்று எழுதவில்லை.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "கரோலின், இதுல எழுதியிருக்கறது சரிதானா?"

வைக்கச் சொன்னது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்ற அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சரிதான் மேடம்" என்றேன். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். என்னிடம் பேனா இல்லை. அக்காதான் தன் பேனாவை நீட்டினார்.