மூன்றாவது பூச்சி

என் மனைவி யாரையும் "எங்கை போறீங்கள்?" என்று கேட்கமாட்டாள். வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற ஒருவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் கெடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில், "தூரமோ?" என்றுதான் கேட்பது வழக்கம். மன்னாரில் ஒரு விடியற்காலை, கடலுக்கு வெளிக்கிட்ட தன் தம்பியை அவள் வாய்தவறி அப்படிக் கேட்டுவிட்டாள். படகும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. ஜெர்மனிக்கு, கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்து பதினைந்து வருடமாகியும் அந்தக் கேள்வி அவள் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. நான் கடைக்குப் போனாலும் கதவுவரை வருவாள், வாய் திறக்கமாட்டாள். எனக்கு அது எரிச்சல். மூடநம்பிக்கை என்று பலமுறை கத்தியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டளவில் எனக்கு மீன்பிடிப் பைத்தியம் பிடித்திருந்தது. ஜெர்மனியில் தூண்டில் போடுவதற்கும் பரீட்சை எழுதவேண்டும், எழுதித் தேறினேன். நீந்தத் தெரியுமோ என்று யாரும் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது. மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒன்றரை மணித்தியாலம் காரோடி ஒரு மலையாற்றுக்கு அவளையும் கூட்டிப்போனேன். அவளுக்குத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காது. காருக்குள்ளேயே இருந்துகொண்டாள். நான் நெஞ்சுவரை வரும் ரப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, ஆழம் பார்க்கும் ஊன்றுகோலோடு ஆற்றில் இறங்கி, வளைவைத் தாண்டிப் போனேன்.

அன்று மே ஈக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆற்றடிச் சேற்றில் இரண்டு வருடம் புழுவாகக் கிடந்து, ஒருநாள் மேலே வந்து தோலைக் கழற்றிவிட்டுப் பறந்து, சில நாளில் செத்துப்போகிற பூச்சி. சிறகு முளைத்தபின் அதற்குத் தின்ன வாய்கூட இல்லை. மழைக்குப் பிறகு கிளம்பும் ஈசல் மாதிரித்தான். ஆனால் ஈசல் கிளம்பினால் ஊரே கூச்சல் போடும். இங்கே ஒரு சத்தமில்லை. சட்டைக்கையில், மூக்குக்கண்ணாடியில், உதட்டில்கூட வந்து குந்தின.

ட்ரவுட் மீன்கள் மேலே வந்து வந்து கவ்விக்கொண்டிருந்தன. நான் தூண்டிலுக்காக இறகாலும் நூலாலும் கட்டி வைத்திருந்த போலிப் பூச்சிகளில், சிறகை நிமிர்த்தி மிதப்பதை முதலில் போட்டேன். மீன்கள் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. எனக்குக் கோபம் வந்தது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, தோலிலிருந்து பாதி வெளியே வந்து சிக்கிக்கிடந்த ஈக்களை மட்டுமே அவை பிடித்தன. அந்த மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் முன்னே போனேன். ஒரு சிறியது கொத்தி நழுவியது.

சூரியன் மலைக்குப் பின்னால் போனதும், முட்டையிட்டு முடித்த ஈக்கள் சிறகைப் பரப்பிக்கொண்டு தண்ணீரில் விழத் தொடங்கின. மீன்களும் மனம் மாறிவிட்டன. எதிர்க்கரை மரத்தடியில் ஒரு பெரியது, அவசரமே இல்லாமல் செத்த ஈக்களை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பெட்டியில் மூன்றாவது பூச்சியை எடுத்தேன்: சிறகு விரித்துப் பிணமாகக் கிடப்பது. இன்னும் நாலடி போனால் எட்டும். கண் முழுக்க மீனிலேயே இருக்கக் காலைத் தூக்கினேன்.

"எங்கையடா போறாய்?"

முதுகுக்குப் பின்னால், என் மனைவியின் குரல். அவள் என்னை ஒருநாளும் 'அடா' போட்டதில்லை. அப்படியே நின்று திரும்பினேன். ஆறு முழுக்க ஈக்கள்தான். கரையில் யாருமில்லை. கார் நின்ற இடம் வளைவுக்கு அப்பால். அங்கிருந்து கத்தினாலும் கேட்காது. ஊன்றுகோலை முன்னே விட்டுப் பார்த்தேன். முழுதாக உள்ளே போனது, அடி தட்டவில்லை.

கரையேறி வந்தேன். காரின் கண்ணாடிகள் மூடியபடி இருந்தன. வெளியே ஈக்கள் அப்பிக்கிடந்தன. அவள் உள்ளே நித்திரை. கன்னம் ஈரமாக இருந்தது. தட்டி எழுப்பினேன்.

"நீர் என்னைக் கூப்பிட்டனீரோ?"

"இல்லையே." கண்ணைத் துடைத்தாள். "கனவிலை தம்பி வெளிக்கிட்டு நிண்டவன். திரும்பவும் கேட்டிட்டன்."

நடந்ததைச் சொன்னேன். அந்தக் குரல் கேட்டிராவிட்டால் அடுத்த அடியில் போயிருப்பேன் என்றேன். அவள் என் ஊன்றுகோலை வாங்கி, பிடிவரை நனைந்திருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நான் அவனையும் மறிக்கத்தான் கேட்டிருக்கிறன்," என்றாள். "அவன்தான் நிக்கேல்லை."