மெஷின் குடித்த தண்ணீர்

எண்பதுகளில் கே.கே. நகரில் எங்கள் காம்பவுண்டின் நாலு குடித்தனத்துக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டிதான். என் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த குட்டி வாஷிங் மெஷின், எங்கள் ஒற்றை அறையில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றது.

அந்தக் கோடையில் ஒருநாள், மற்றவர்கள் எழுவதற்கு முன்பே ஏழு வாளி மொண்டு மெஷினில் ஊற்றினேன். தொட்டி காலி.

வீட்டுக்காரம்மா, கைக்குழந்தை வைத்திருந்த பக்கத்து வீட்டுச் செல்வியைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, பிள்ளைத் துணிக்கு இம்புட்டுத் தண்ணியா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் செல்வி காலி வாளியோடு வந்தாள். "அக்கா, மெஷின் தண்ணியக் கொட்டிராதீங்க. பிள்ளைத் துணிய அதுல அலசிக்கிறேன்."

மெஷினின் கழிவுநீர்க் குழாயை அவள் வாளியில் விட்டேன். அழுக்குத் தண்ணீர் நுரையோடு இறங்கியது. அப்போதும் நான் வீட்டுக்காரம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை.

இன்றும் மெஷின் தண்ணீரை வெளியேற்றும் சத்தம் கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.