அழுத கிழமையில கையெழுத்து இல்லை

கலா மிஸ் மோசம் போயிட்டாவாம்.

நேற்றுக் காலமை தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டு கதிரையில இருந்தவவாம். பிறகு எழும்பேல்லை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை... செவ்வாய்க்கிழமை வகுப்பில என்னோட பகிடி விட்டுச் சிரிச்சவ.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். அன்புவழிபுரத்தில கஷ்டப்பட்ட தாய் தகப்பன்மாருக்கு மிஸ் ஒரு வகுப்பு வச்சவ. பாதி நேரம் வீட்டுச் செலவு, லோன், வட்டி. மற்றப் பாதி மனசில கிடக்கிறதைக் கதைக்கிறது. தகப்பன்மார் எண்டு சொன்னாலும் வந்தது நான் ஒருத்தன் தான்.

என்ர மனுசி குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு தான் அங்க போனனான். முதல் நாளே பொம்பிளையளுக்குள்ள என்னைக் கண்டிட்டு ஒரு அக்கா பகிடியாக் கேட்டா, "தம்பி, உங்களுக்கு எத்தினையாம் மாசம்?"

"பொறுங்கோ அக்கா, ஸ்கேன் எடுத்திட்டுச் சொல்லுறன்" எண்டன். மிஸ் சிரிச்ச சிரிப்பில போர்டில எழுதிக்கொண்டிருந்த சோக்கைக் கீழ விட்டுட்டா.

மிஸ்ஸிட்ட ஒரு சட்டம் இருந்தது. அழுத கிழமையில லோன் பேப்பரில கையெழுத்து வைக்கக் கூடாது, ஏழு நாள் பொறுக்க வேணும்.

தாய் போன பிறகு மகள் என்னோட கதைக்கிறதையே விட்டுட்டாள். நல்ல போன் ஒண்டு வாங்கிக் குடுத்தாச் சரி வரும் எண்டு லோன் எடுக்க வெளிக்கிட்டன். மிஸ் கேட்டா, "கடைசியா எப்ப அழுதனீங்கள்?"

"மிஸ், நான் ஹாபரில ஐஸ் உடைக்கிறவன். மூஞ்சியில எந்நேரமும் தண்ணி தான்."

மிஸ் சிரிக்கேல்லை. திரும்பவும் கேட்டா.

"முந்தநாள்" எண்டன்.

"அப்ப இந்தக் கிழமை கையெழுத்து இல்லை. பிள்ளைக்கு ஆர் தலை பின்னுறது?"

ஒருத்தரும் இல்லை... அவளே ஏதோ ஒரு மாதிரிக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போறவள்.

அந்த வகுப்பிலயே மிஸ் ஒரு அக்காவைப் பிடிச்சு இருத்தி, அவவின்ர தலையில எனக்கு ரெட்டைப் பின்னல் பழக்கினவ. ஐஸ் உடைக்கிற கை. அந்த அக்கா கத்தின கத்து இப்பவும் காதில கேக்குது.

அடுத்த நாள் மகள் கண்ணாடியைப் பார்த்திட்டு, "அப்பா, ஒண்டு மேல போகுது, ஒண்டு கீழ போகுது" எண்டாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு வந்த கதை அது... போன் வாங்கேல்லை.

இண்டைக்கு செத்தவீட்டில மிஸ்ஸிட மனுசன் என்ர கையைப் பிடிச்சார். "தம்பி, எட்டாம் நாள் எட்டுச் செலவை அவவுக்குப் பெரிசாச் செய்ய வேணும். லோன் கெதியா எங்க குடுப்பினம்?"

வகுப்பு அக்காமார் எல்லாரும் என்னைப் பார்க்கினம். நான் சட்டத்தைச் சொன்னன். அவருக்கு அது தெரியவே தெரியாதாம். ஊருக்கெல்லாம் சொன்னவ வீட்டில சொல்லேல்லையோ... அதுவும் விளங்கேல்லை.

பிறகு அவர் கேட்டார், "அப்ப நான் எந்தக் கிழமை வைக்கிறது தம்பி?"

வகுப்பில ஒருத்தரும் இதைக் கேக்கேல்லையே மிஸ்.

பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டு அவரோட இருந்திட்டன். எட்டுக்கு ஆளுக்கொரு கறி கொண்டு வாறம் எண்டு அக்காமார் சொல்லிச்சினம்.

போயிட்டு வாங்கோ மிஸ். இந்தக் கிழமை எங்கட வகுப்பில ஒருத்தருக்கும் கையெழுத்து இல்லை.