கொதிகலன் அறைக்காரரின் மூச்சு

எழுபதுகளில் திருகோணமலையில் நெஞ்சுநோய்க் கிளினிக் ஒன்றில் தாதியாக இருந்தேன். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த சிலருக்கு மூச்சு வாங்குவதை எங்கள் டொக்டர் கவனித்தார். எல்லாரும் கப்பலின் கொதிகலன் அறையில் வேலை செய்தவர்கள். அங்கே சூடான குழாய்களுக்குக் கல்நார் சுற்றுவார்கள். அதன் தூளைச் சுவாசித்தவர்களை வருடாவருடம் பரிசோதிக்க விரும்பினார் டொக்டர். கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. அதனால் மூச்சின் பலத்தை ஊதிப் பார்க்கும் கருவியைக் கூடையில் வைத்துக்கொண்டு, அவர்களில் பலர் இருந்த நிலாவெளிக்கு நானே பஸ் ஏறினேன்.

தேத்தண்ணிக் கடையில் பழைய கடற்படைக்காரர் நாலைந்து பேர் அகப்பட்டார்கள். ஊத ஊதக் கருவியின் முள் ஏறுவதைக் கண்டதும் அவர்களுக்கு அது போட்டியாகிவிட்டது. கடைக்காரரும் ஊதினார். வாயில் சுருட்டோடு நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர் மட்டும் கிட்ட வரவில்லை.

"நாங்கள் மாப்பூசின மாதிரி வெள்ளையாத்தான் கொதிகலன் அறையாலை வெளியிலை வருவம். எனக்கு என்ன வந்தது? இந்தக் கரையிலை அம்பா பாடுறது நான்தான், தங்கச்சி!"

பின்னேரம் கரைவலை இழுத்தார்கள். வலை இழுக்கப் பாடும் அம்பாப் பாட்டை அவர்தான் தொடக்கினார். இரண்டாம் அடியில் அவருடைய வாய் மட்டும் அசைந்தது. மற்றவர்கள் அவரைப் பார்க்காமலே பாட்டைக் கொண்டுபோனார்கள்.

"கொஞ்சக் காலமா இப்பிடித்தான்," என்றார் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி. "ஆக்கள் தெரியாத மாதிரி நடிக்கிறாங்கள். அவருக்கும் சொல்ல வெக்கம்."

வலை கரையேறியதும் அவரை ஒரு தோணி மறைவுக்குக் கூட்டிப்போனேன்.

"ஒருதரும் பாக்கேல்லை, அண்ணை. ஊதுங்கோ."

ஊதினார். முள் பாதிக்கும் போகவில்லை.

"இது பழுதான சாமான்."

நான் ஊதிக் காட்டினேன். முள் விர்ரென்று ஏறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"சரி, எப்ப வரவேணும்?"

எக்ஸ்ரேயில் தழும்புகள் தெரிந்தன. அவற்றை மாற்ற ஏலாது, சுருட்டை விட்டால் மிச்ச மூச்சைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். என்னைத் திட்டித் திட்டியே சுருட்டை விட்டார் மனுஷன். பாட்டை மருமகனிடம் கொடுத்துவிட்டு, தாளம் பிழைத்தால் கத்துவதைத் தன் வேலையாக்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் கிளினிக் வாசலில் பஸ் நின்றது. பழைய கடற்படைக்காரர்கள் ஒரு கூட்டமாக இறங்கினார்கள், முன்னால் அவர்.

"வரிசையா நில்லுங்கோ! முதல் நான் ஊதுறன்."

முள் போன வருடம் நின்ற இடத்திலேயே நின்றது.

"குறையேல்லை," என்றார் டொக்டர்.

"கேட்டியளே? குறையேல்லையாம்!"

எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து அறை நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அன்று வந்தவர்களில் இருவருக்கு நெஞ்சில் தழும்பு தொடங்கியிருந்தது. சுருட்டை எப்படி விடுவது என்று அவர்களுக்கு அவரே வகுப்பெடுத்தார். மத்தியானம் டொக்டரும் நானும் அவர் மனைவி கொடுத்துவிட்ட பாரை மீன் குழம்போடு வயிறு முட்டச் சாப்பிட்டோம்.