ஒரு பஸ் நிறையப் பேர்

அம்சவேணிக்கு வலிப்பு வந்தால் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவே திரண்டுவிடும். ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார், இன்னொருவர் விசிறுவார், மூன்றாமவர் காரணம் சொல்வார்.

அவளும் கணவன் முத்துக்குமாரும் ஒரே தறியில் பட்டு நெய்தவர்கள். அவன் சேலையின் உடலை நெய்ய, பக்கத்தில் அமர்ந்து அவள் கரைக்கு நூல் கோத்த நாடாவை வீசுவாள். வலிப்பு தொடங்கியதும், தறிக்குழியில் விழுந்துவிடுவாள் என்று தறியைவிட்டு எழுப்பிவிட்டார்கள். மாத்திரை மேல் மாத்திரை. வலிப்பு நிற்கவில்லை, தூக்கம்தான் மிச்சம். மறுபடி தறியில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்டதில்லை.

நாத்தனார் சங்கரிக்கு வேறு சந்தேகம். "தறியாண்ட விழறப்பகூட பாவு நூல் மேல விழாம இந்தப் பக்கமா சாயறா. ஒரு இழை அறுந்துக்குதா? கண்ணை வேற இறுக்கி மூடிக்கினு... எல்லாம் நடிப்புபா."

நெசவாளி வீட்டில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? முத்துக்குமாரே தடுமாறினான்.

சென்னை ஆஸ்பத்திரியில் தலையெங்கும் ஒயர் ஒட்டி, கேமரா முன் படுக்கவைத்தார்கள். அங்கேயே வலிப்பு வந்தது. டாக்டர் எஸ்தர் பதிவைப் பார்த்தார்.

"உடம்பு உதறுது. ஆனா மூளையில வலிப்புக்கான மின் அலையே இல்ல. இது காக்கா வலிப்பு இல்லம்மா."

அம்சவேணியின் முகம் வெளுத்தது. "அப்ப, நடிக்கிறேன்னு எழுதிடுவீங்களா?"

"யார் சொன்னது? அந்த நேரத்துல கை கால் உங்க பேச்சைக் கேக்கல. மனசுக்கும் உடம்புக்கும் நடுவுல வர்ற நிஜமான கோளாறு. பேசிப் பேசிக் குறைக்கிற சிகிச்சை இருக்கு."

"பாவு மேல விழலையே டாக்டர்?" முத்துக்குமார் கேட்டேவிட்டான்.

"தூக்கத்துல புரள்றவங்ககூட கட்டில்லேர்ந்து விழறதில்ல. அதுக்காக, தூங்கற மாதிரி நடிக்கிறாங்களா?"

"இவளுக்கு மட்டும் ஏன் டாக்டர்?"

"இவங்களுக்கு மட்டுமா? மாத்திரைக்கு அடங்காத வலிப்புன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு இதுதான். மொத்த ஜனத்துல லட்சத்துக்குச் சில பத்து பேர்னு ஒரு மதிப்பு. சரியா எண்ணினவங்க இல்ல. உங்க ஊர்லயே ஒரு பஸ் நிறையத் தேறும்."

மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம், துணைக்கு ஆள் இருந்தால் தறியில் உட்காரலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அம்சவேணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாமா தேடற?" என்றான் முத்துக்குமார்.

"அவங்கல்லாம் எங்க ஒளிஞ்சிக்கினு இருக்காங்கன்னுதான்."

வாசலிலேயே சங்கரி மறித்தாள். "இன்னா சொன்னாங்க?"

"நடிப்பு இல்லையாம்கா," என்றான் முத்துக்குமார். "இனிமே அந்த வார்த்தை இந்த வீட்ல வேணாம்."

மறுநாள் அவள் தறியருகே வந்து நின்றாள். அவன் கை நின்றது.

"வந்துச்சுன்னா?"

"வரட்டும். கூட்டம் சேக்காதீங்க. அடங்கற வரைக்கும் பக்கத்துல இருங்க, போதும்."

முத்துக்குமார் உட்கார்ந்திருந்த பலகையில் நகர்ந்து இடம்விட்டான்.