மூணே கால் மைல்

எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று எழுதுவதும் ஒரு உத்தியோகமா என்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எனக்கு அதுதான் சோறு போட்டது.

பூந்தமல்லியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான் குமாஸ்தா. மாணவியின் ஊர் ஐந்து மைலுக்கு மேல் என்றால் ‘தூரம்’, விடுதியில் இடம். அதற்குள் என்றால் ‘கிட்டம்’, தினமும் நடை. படிவத்தில் எழுதிய ஒரு சொல் யார் தலையில் விடியுமோ என்று தவித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மாங்காட்டுக்காரர்

மாங்காடு ரெண்டே மைல். அங்கிருந்து வந்த பூத்தோட்டக்காரர், மகளுக்கு விடுதி வேண்டும் என்று மேஜையை விட்டு நகரவில்லை. விதியைப் படித்துக் காட்டினேன். அவர் குரல் உயர்ந்துவிட்டது.

“எம் பொண்ணு தெருமுனை தாண்டினதில்ல சார். அதுக்குப் பூந்தமல்லியே ரங்கூன் தூரம் கீது!”

வரைபடம்

கன்னியம்மாளுக்குப் பத்தொன்பது வயது. ஆவடிப் பக்கம், கூவத்துக்கு அக்கரையில் ஒரு கிராமம். வரைபடத்தில் ஸ்கேலை வைத்தேன். மூணே கால் மைல். ‘கிட்டம்’ என்று எழுதினேன்.

ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலம் வரை போய்ச் சுற்றி எட்டு மைல் வரவேண்டும் என்றாள். “வரைபடம்தான் சட்டம்” என்றேன். அவள் குனிந்து, ஆற்றின் மேல் விரலை வைத்தாள்.

“இந்த நீலக் கோட்டு மேல எப்டி சார் நடந்துகினு வர்றது?”

ஐப்பசி மழை

நாலு நாளாக அடைமழை. அன்று இன்ஸ்பெக்டரம்மா முன்னால் பாடம் நடத்திக் காட்டும் பரீட்சை. வராதவளுக்கு ஒரு வருஷம் போச்சு. பத்து மணி ஆகியும் கன்னியம்மாளைக் காணோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினேன்.

அக்கரையில் அவள் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். தலைமேல் புத்தக மூட்டை. “வேணாம்மா, திரும்பு!” என்று கத்தினேன். அந்தக் கணமே அவள் கால் வழுக்கிற்று. மூட்டை மிதந்து போனது. தலை தெரியவில்லை. நீச்சல் தெரியாத நான் கரையில் மரம் மாதிரி நின்றேன். அப்பா வெறி வந்தவர் போல் கயிற்றை இழுத்தார். ஒருவழியாக அக்கரையிலேயே ஏறி, குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள்.

“இப்ப வந்து அளந்துக்கோ சார்!”

மூணு மணி

ஈரத்தோடு தலைமையாசிரியை அறைக்குள் போய், நடந்ததைச் சொல்லி, “தப்பு என்னுது” என்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் நேரே எழுந்து போனார். இன்ஸ்பெக்டரம்மாவிடம் மூணு மணி வரை அவகாசம் கேட்டார். மூணடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கன்னியம்மாள் சுற்றுவழியே வந்து சேர்ந்தாள். சேறு அப்பிய புடவையோடு, கையில் குறிப்பு இல்லாமல், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். தேறிவிட்டாள்.

சாயங்காலம் தலைமையாசிரியை ‘கிட்டம்’ என்பதைத் தன் கையாலேயே அடித்து, அவளுக்கு விடுதியில் இடம் போட்டார். பிறகு என் ஸ்கேலை எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

“இனிமே ஒவ்வொரு ஊருக்கும் நீரே நடந்து போய்ப் பார்த்துட்டு எழுதும்.”

அப்புறம் மூணு வருஷத்தில் ஏழு ஜோடி செருப்பு தேய்ந்தது. என் பதிவேட்டில் ‘கிட்டம்’ என்று ஒரு ஊரும் மிஞ்சவில்லை.